அலுமினியத்துக்கும் குளோரினுக்கும் ஆகாது

கொழுந்தன் பலகையிலிருந்த சோடியம், குளோரின் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினான், விளக்கு எரிந்தது. மெக்னீசியத்தையும் ஆக்சிஜனையும் அழுத்தினான், எரிந்தது. அலுமினியத்தையும் குளோரினையும் அழுத்தினான். பலகையின் உச்சியிலிருந்த பச்சை விளக்கு, கூண்டில் ஏறிய பின் வாயைத் திறக்க மறுக்கும் சாட்சியைப் போல, எரியாமலே இருந்தது.

"அண்ணி, இது ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல போல."

"முந்தாநாள் வரைக்கும் இருந்துச்சாம், தம்பி. நடுவுல யாரோ புகுந்து பிரிச்சு விட்டிருக்காங்க. யாருன்னு அஞ்சு மணிக்குள்ள சொல்லியாகணும்."

அண்ணி அவனுடைய அண்ணனின் மனைவி. அதனினும் முக்கியமாக, அவனுக்குச் சம்பளம் கொடுப்பவர். காணாமற்போனது எதுவாக இருந்தாலும் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் தொழில். தம் மூக்குக்கண்ணாடி தொலைந்தால் மட்டும் கொழுந்தனைக் கூப்பிடுவார். அது பெரும்பாலும் அவர் தலைமேலேயே இருக்கும்.

இன்று தொலைந்திருப்பது ஒரு பிளாட்டினக் கிண்ணம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. அறிவியல் அரங்கத்தின் மரச்சுவரில், தனிமங்களின் பெயர் பொறித்த பொத்தான்கள் நிறைந்த இந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடி மாடம் இருந்தது. அதற்குள் நீலப்பட்டு மெத்தை இருந்தது. மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம் மட்டும் எஞ்சியிருந்தது. மாடத்தின் முன்கண்ணாடி நிரந்தரமாக ஒட்டப்பட்டது. பின்பக்கம் வழியாகத்தான் கையை நுழைக்க முடியும். பின்பக்கம் என்பது, பலகையின் கம்பிகள் எல்லாம் கொத்துக்கொத்தாகத் தொங்கும் ஒடுங்கிய சந்து. அந்தச் சந்தின் கதவுக்குச் சாவி எலக்ட்ரீஷியனிடம் இருந்தது. மாற்றுச் சாவி எப்போதோ தொலைந்துவிட்டது என்று அரங்கத்தின் காப்பாளர் சொல்லியிருந்தார். நேற்றுக் காலை கிண்ணத்தைக் காணாமல் கதவைத் திறந்து பார்த்தபோது, உள்ளே ஒரே ஒரு கம்பி கழன்றிருந்தது: அலுமினியம்–குளோரின்.

ஆகவே திருடன் எலக்ட்ரீஷியன்தான் என்று ஊகித்து முடித்துவிட்டார்கள். இன்று மாலை அரங்கத்தின் தலைவி வருவார். அதற்குள் அண்ணி வேறொரு பெயரைச் சொல்லாவிட்டால், அவருடன் போலீசும் வரும்.

"முதல்ல இந்தப் பலகை என்ன சொல்லுதுன்னு எனக்குப் புரியணும்," என்றார் அண்ணி.

பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் பெண் முன்னால் வந்தாள். நாள்தோறும் சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிவிட்ட குரல்.

"ரொம்ப சுலபம் மேடம். இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் உலோகம். கையில ஒண்ணு ரெண்டு எலக்ட்ரான் கூடுதலா வெச்சுக்கிட்டு, யார் தலையில கட்டலாம்னு பார்க்கிறவங்க. அந்தப் பக்கம் அலோகம். ஒண்ணு ரெண்டு குறையுதேன்னு அலையிறவங்க. கொடுக்கிறவரும் வாங்கிறவரும் சந்திச்சா, கொடுக்கல் வாங்கல் முடிஞ்சு ரெண்டு பேரும் அயனி ஆயிடுவாங்க, ஒட்டிக்குவாங்க. அதுதான் அயனிச் சேர்மம். விளக்கு எரியும். சோடியத்தோட கடைசிச் சுற்றுல ஒண்ணு, குளோரினோட கடைசிச் சுற்றுல ஏழு. ஒண்ணு கை மாறினா ரெண்டும் நிறைவாயிடும், உப்பு கிடைச்சிடும்."

"ஒண்ணுக்கும் ஏழுக்குமா பொருத்தம்?" என்றான் கொழுந்தன். "எங்க வீட்டுல ஏழாம் பொருத்தம்னா தட்டு பறக்கும்."

"ரெண்டு பேருமே வாங்கிறவங்களா இருந்தா?" என்று கேட்டார் அண்ணி.

"பங்கு போட்டுக்குவாங்க மேடம். அது சகப்பிணைப்பு. விளக்கு எரியாது."

"நானும் அண்ணனும் மாதிரி. ஒரே சட்டை, ரெண்டு பேர்."

"அந்தச் சட்டையை வாங்கிக் கொடுத்தது யாருன்னும் சொல்லிடு," என்றார் அண்ணி, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. "அலுமினியம் உலோகம். குளோரின் அலோகம். அப்போ எரியணும்?"

"எரியணும் மேடம். பேராசிரியர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்."

பேராசிரியரைத் தேடிப் போக வேண்டிய தேவை ஏற்படவில்லை. பலகையை வடிவமைத்தவரும், கிண்ணத்தைப் பரிசாகப் பெற்று அரங்கத்துக்கு அளித்தவருமான அந்த ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர், ஊன்றுகோல் தரையில் ஒலிக்க, தாமே வந்து சேர்ந்தார்.

"கிண்ணம் போனா போகட்டும்! என் கம்பியில கை வெச்சது யாரு? அதைச் சொல்லுங்க முதல்ல!"

"ஐயா, கிண்ணம் பிளாட்டினம்," என்று நினைவூட்டினான் கொழுந்தன்.

"இருக்கட்டுமே. உலோகமும் அலோகமும் சேர்ந்தா அயனிச் சேர்மம். வாழ்நாள் முழுக்க இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மாணவன் மறுத்துப் பேசினதில்ல." சற்று நிறுத்தினார், உண்மைக்குக் கட்டுப்பட்ட மனிதர். "ஒருத்தன் பேசினான். மதிப்பெண்ணைக் குறைச்சேன். அப்புறம் பேசல."

அண்ணி தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார். அவர் தாமாகவே கண்ணாடியைக் கண்டுபிடித்துவிட்டால் வழக்கு சூடு பிடித்துவிட்டது என்று கொழுந்தனுக்குத் தெரியும்.

சந்துக்குள் எலக்ட்ரீஷியன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு கம்பியிலும் பேராசிரியரின் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. கழன்ற கம்பியின் நுனியை யாரோ கவனமாக மூடி ஒட்டியிருந்தார்கள்.

"சோத்து டப்பாவோட வேலைக்கு வந்தவன் நான்," என்றார் அவர், தணிந்த குரலில். "விலங்கோட திரும்பிப் போகணும்னா வீட்டுல என்னன்னு சொல்லுவேன்? நான் எடுக்கலம்மா."

"தெரியும்," என்றார் அண்ணி. "இந்த நுனியில என்ன சுத்தியிருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் முதன்முறையாகக் கவலையை விலக்கிவிட்டுக் கோபம் ஏறியது.

"செல்லோடேப்! ஏம்மா, கரண்டு வேலை பார்க்கிறவன் கம்பிக்குச் செல்லோடேப் சுத்துவானா? கறுப்பு டேப்பு இதோ என் பையிலேயே கிடக்கு. இதை நான் சுத்தினேன்னு சொல்றதுக்கு, கிண்ணத்தை எடுத்தேன்னே சொல்லிடலாம்."

"காப்பாளர் என்ன சொல்றார்னா, திருடன் உள்ள வந்தப்போ கை பட்டுக் கம்பி கழண்டுச்சாம்," என்றார் அண்ணி.

"கை பட்டுக் கழண்ட கம்பி, தானே எழுந்து போய் டேப்பு வாங்கிட்டு வந்து சுத்திக்கிச்சா?" என்றான் கொழுந்தன்.

"அதேதான், தம்பி. இத்தனை கம்பியில ஒண்ணை மட்டும் பார்த்துப் படிச்சுக் கழட்டியிருக்காங்க. திருட வந்தவனுக்கு நின்னு படிக்க நேரமா இருக்கும்? படிக்காம இருக்க முடியாதவனா இருந்தாத்தான் படிப்பான்." அண்ணி எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். "இதை மறுபடியும் மாட்டிடுங்க. எரியணும். யாருக்கும் சொல்ல வேண்டாம். தம்பி, நீ போய்க் காப்பாளரை அவர் அறையிலேயே உட்கார வெச்சுப் பேசிக்கிட்டிரு."

"என்ன பேசட்டும்?"

"வழக்கம்போல எதுவும் இல்லாம பேசு."

காப்பாளரின் அறையில் கோணலாக இருந்த ஒரே பொருள் கொழுந்தன்தான். பேனாக்கள் நீளவாரியாக வரிசையில் கிடந்தன. தாள் அடுக்கின் விளிம்பு மேசையின் விளிம்போடு ஒட்டி ஓடியது. பேசிக்கொண்டே எழுந்த காப்பாளர், சுவரில் அரை விரற்கடை சாய்ந்திருந்த படச்சட்டத்தை நேராக்கிவிட்டு, பேச்சை விட்ட இடத்திலேயே தொடர்ந்தார்.

"நான் நிர்வாகம் பார்க்கிறவன், தம்பி. எனக்குச் சோடியத்துக்கும் சோடாவுக்கும் வித்தியாசம் தெரியாது."

"எனக்கும்தான் சார். சோடாவைக் குடிக்கலாம்னு மட்டும் தெரியும்."

அவன் சட்டைப் பொத்தான் அன்று காலையிலேயே அறுந்துபோயிருந்தது. (சட்டை உண்மையில் அண்ணனுடையது; ஆகவே அவன் கவலைப்படவில்லை.) மேசையிலிருந்த குண்டூசிக் கிண்ணத்தைத் தன்பக்கம் இழுத்தான். லேசில் இழுபடவில்லை. தூக்கிப் பார்த்தான், கை சற்றுத் தாழ்ந்தது.

"என்ன சார், குண்டூசியோட சேர்த்து மனசாட்சியையும் இதுலயே போட்டு வெச்சிருக்கீங்களா? இந்தக் கனம் கனக்குது!"

காப்பாளர் சிரித்தார். கிண்ணத்தை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கி, இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தார். அவனுக்கு ஓர் ஊசியை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

நான்கரை மணிக்கு அண்ணி எல்லாரையும் பலகையின் முன்னால் கூட்டினார்.

"தலைவி வர்றதுக்குள்ள ஒரு சின்ன விளையாட்டு. ஆளுக்குச் சில ஜோடி அழுத்துங்க. விளக்கு எரியும்னு உங்களுக்குத் தோணுறதை மட்டும்."

விளக்கமளிக்கும் பெண் கண்ணை மூடிக்கொண்டே அழுத்துபவளைப் போல அழுத்தினாள், எல்லாம் எரிந்தன. எலக்ட்ரீஷியனுக்கும் எல்லாம் எரிந்தன. "எந்தக் கம்பி எங்க போகுதுன்னு தெரியும்மா. ஏன் போகுதுன்னு கேட்டா முழிப்பேன்," என்றார். பேராசிரியர் மறுத்துவிட்டார்: "நான் கட்டின வீட்டுக்கு நானே வழி கேக்கணுமா?"

கொழுந்தன் கைக்கு எட்டியதை எல்லாம் அழுத்தினான். பொட்டாசியமும் அயோடினும் எரிந்தன. கார்பனும் கந்தகமும் எரியவில்லை. கால்சியமும் ஆக்சிஜனும் எரிந்தபோது, தானே கண்டுபிடித்துவிட்டதைப் போல நிமிர்ந்து நின்றான். தாமிரத்தையும் வெள்ளியையும் அழுத்திவிட்டு, "ரெண்டு பேரும் பெரிய இடம், ஒத்துப்போகும்னு நினைச்சேன்," என்றான்.

"ரெண்டு பேருமே கொடுக்கிறவங்க," என்றாள் அந்தப் பெண். "வாங்க ஆள் வேணாமா?"

கடைசியாகக் காப்பாளர் வந்தார். "எனக்கு இதெல்லாம் வராது மேடம்," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கார்பனையும் ஆக்சிஜனையும் அழுத்தினார். எரியவில்லை. நைட்ரஜன், ஹைட்ரஜன். எரியவில்லை. கந்தகம், குளோரின். எரியவில்லை. இரும்பு, தாமிரம். எரியவில்லை. "பார்த்தீங்களா?" என்று கையை விரித்துவிட்டு, போகிற போக்கில் அலுமினியத்தையும் குளோரினையும் அழுத்தினார்.

விளக்கு எரிந்தது.

சூடான பாத்திரத்தைத் தொட்டவரைப் போல அவர் கையை இழுத்துக்கொண்டார். விளக்கு அணைந்தது.

"ஏன் சார் இதை அழுத்தினீங்க?" அண்ணியின் குரல் விசாரிப்பதைப் போலவே இல்லை, நலம் கேட்பதைப் போல இருந்தது. "எரியும்னு தோணுறதைத்தானே கேட்டேன்? இது நேத்திலேருந்து எரியலன்னு இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும். இதை யாருமே அழுத்தல. தம்பிகூட அழுத்தல."

"யோசிக்காம அழுத்திட்டேன்."

"யோசிக்காம அழுத்தினா எப்படின்னு தம்பி காட்டினான். கண்ணை மூடிக்கிட்டு மாமரத்துல கல்லெறிஞ்சா, ஒண்ணு ரெண்டாவது காயில படும். எறிஞ்சதுல ஒண்ணுகூடப் படாம இருக்கணும்னா, ஒவ்வொரு காயும் எங்க தொங்குதுன்னு தெரிஞ்சிருக்கணும் சார். ஒரு தடவைகூடத் தவறாம தவறினீங்க. வேதியியல் தெரியாதவங்களால அது ஆகாது."

காப்பாளரின் முகம் மாறவில்லை. "தற்செயல்," என்றார். "இதை வெச்சு ஒருத்தரைத் திருடன்னு சொல்ல முடியாது."

"முடியாதுதான்." அண்ணி ஒப்புக்கொண்டார். பிறகு பலகையின் முன் சென்று, அலுமினியத்தின் மேல் ஒரு விரலையும் குளோரினின் மேல் ஒரு விரலையும் வைத்து அழுத்தினார், எடுக்கவில்லை. பச்சை வெளிச்சம் எல்லார் முகத்திலும் படிந்தது. "எப்படியோ பலகை சரியாயிடுச்சு. அலுமினியம் கொடுக்குது, குளோரின் வாங்குது, அயனிச் சேர்மம். சரிதானே பேராசிரியரே?"

"சந்தேகம் என்ன?" என்றார் பேராசிரியர்.

அண்ணி விரலை எடுக்கவில்லை. காப்பாளர் விளக்கைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடியும் விளக்கைப் பார்த்தார். சாய்ந்த படச்சட்டத்தை அவர் இதே கண்களால் பார்த்ததைக் கொழுந்தன் நினைவுகூர்ந்தான். காப்பாளர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். மறுபடியும் மாட்டினார்.

"எவ்வளவு பிரகாசமா எரியுது பாரு, தம்பி," என்றார் அண்ணி.

"அணைங்க அதை!" என்று வெடித்தார் காப்பாளர். "தப்பு! தப்பு! அலுமினியத்துக்கு மூணு எலக்ட்ரானைக் கழட்டிக் கொடுக்கிறது லேசுப்பட்ட காரியமா? புளோரின் கேட்டா கொடுக்கும். புளோரினோட பிடுங்கல் அப்படி. குளோரினுக்கு அவ்வளவு இழுப்பு இல்ல. ரெண்டும் பங்கு போட்டுக்கும். நீரில்லாத அலுமினியம் குளோரைடைச் சூடாக்கிப் பாருங்க, உருகாமலே ஆவியாப் போயிடும். உப்பு அப்படிப் போகுமா? அழுத்தத்துல வெச்சு உருக்கினாலும் மின்சாரத்தைச் சரியாக் கடத்தாது. ஒருத்தர் உலோகமா, இன்னொருத்தர் அலோகமான்னு ஜாதகம் பார்த்தா மட்டும் போதாது. யார் எவ்வளவு இழுக்கிறாங்கன்னு பார்க்கணும்! இதைத்தானே அன்னிக்கு எழுதினேன்? இதுக்குத்தானே மதிப்பெண்ணைக் குறைச்சீங்க?"

அண்ணி விரல்களை எடுத்தார். விளக்கு அணைந்தது.

பேராசிரியர் ஊன்றுகோலில் சாய்ந்து, காப்பாளரை முதன்முறையாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்தார். "பின்வரிசை," என்றார் மெல்ல. "ஜன்னல் ஓரம். நீயா? அப்போ தலையில முடி இருந்துச்சே."

"வேதியியலை அன்னியோட விட்டேன் ஐயா. நிர்வாகம் படிச்சேன். இங்க வேலைக்கு வந்தேன். வந்த பிறகு பார்த்தா, நீங்க கொடுத்த பலகை. பக்கத்துலேயே நீங்க கொடுத்த கிண்ணம். அதோட அடியில என்ன பொறிச்சிருக்கு? 'பிழையற்ற ஆசிரியருக்கு.'" அந்தச் சொல்லை உச்சரிக்கும்போதே அவருக்குப் பல் கூசியது. "தினமும் அதைக் கடந்து போறேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். விற்கணும்னு எடுக்கல. பொய்யைக் காட்சிக்கு வைக்கக் கூடாதுன்னு எடுத்தேன். எடுத்த கையோட திரும்பியிருக்கணும். அந்த அட்டை கண்ணுல பட்டுடுச்சு."

"அப்படியே திரும்பியிருந்தா அலுமினியம்கூட உங்களைக் காட்டிக் கொடுத்திருக்காது," என்றார் அண்ணி. "கிண்ணம் எங்கே?"

கொழுந்தன் நெற்றியில் அறைந்துகொண்டு ஓடினான். திரும்பி வரும்போது அவன் சட்டைப்பை முழுவதும் குண்டூசியாக இருந்தது. கையில் கிண்ணம் இருந்தது. கவிழ்த்துக் காட்டினான். அடியில் எழுத்துகள் மின்னின.

"மனசாட்சின்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன் அண்ணி. பிளாட்டினம்னு சொல்லியிருக்கணும்."

"முதல் தடவையே சரியாத்தான் சொல்லியிருக்க," என்றார் அண்ணி.

காப்பாளர் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார். நேராக்க வழியில்லாத ஒன்றின் முன் நிற்பவரைப் போலக் கைகளைத் தொங்கவிட்டிருந்தார். "உங்க மேல பழி விழும்னு நினைக்கல. விழுந்த பிறகு அதைத் தாங்கிப் பிடிச்சேன். அதுதான் பெரிய தப்பு. தலைவி வரட்டும். நானே சொல்லிடுறேன். மாற்றுச் சாவி தொலையலன்னும் சொல்லிடுறேன். மன்னிச்சிடுங்க."

எலக்ட்ரீஷியன் விரல்விட்டு எண்ணினார். "கிண்ணத்தை எடுத்தீங்க; அது உங்களுக்கும் ஐயாவுக்கும் உள்ள விவகாரம். பழியை என் மேல போட்டீங்க; இனி நீங்களே சுமக்கிறதாச் சொல்றீங்க, சரி. ஆனா, கம்பிக்குச் செல்லோடேப் சுத்தினீங்களே சார்! அதை மட்டும் என்னால செரிச்சுக்க முடியல."

வாசலில் கார் வந்து நிற்கும் ஓசை கேட்டது. எலக்ட்ரீஷியன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். இத்தனை ஆண்டுகளாக எடுத்த சாவிதான்; இன்று அதை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா," என்று பேராசிரியரைக் கேட்டார், "தலைவி வந்துட்டாங்க. அந்தக் கம்பி இருக்கட்டுமா, கழட்டட்டுமா?"

பேராசிரியர் பலகையைப் பார்த்தார். தாமே எழுதிக் கட்டிய அட்டைகளை நினைத்துக்கொண்டாரோ, ஜன்னல் ஓரத்தை நினைத்துக்கொண்டாரோ, தெரியவில்லை. கொழுந்தனின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினார். எழுத்துகள் தெரியாதபடி அதை நிமிர்த்தி, காப்பாளரிடம் நீட்டினார்.

"குண்டூசிக்கே இருக்கட்டும்னு தலைவிகிட்ட நான் சொல்றேன்," என்றார். பிறகு எலக்ட்ரீஷியனைப் பார்த்தார்.

"கழட்டிடுப்பா. கறுப்பு டேப்பு சுத்து."